பூங்காவையும் கடற்கரையையும் ஊரே பார்த்துக்கொள்வது எப்படி?

எங்கள் தெருமுனைப் பூங்காவில் இரண்டு ஊஞ்சல்கள் உண்டு. அதில் ஒன்றின் சங்கிலியை மேலே மாட்டியிருக்கும் கொக்கி, தேய்ந்து தேய்ந்து சுண்டுவிரல் கனத்திலிருந்து பேனா ரீஃபில் கனத்துக்கு வந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் பேத்தியை ஆட்டிவிட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி. கிறீச்சென்ற சத்தம் வழக்கத்தைவிட வேறு மாதிரி கேட்கிறதே என்று அண்ணாந்து பார்த்திருக்கிறார். அன்று மாலை விசாரித்தால், நாலைந்து பேர் அதை ஏற்கெனவே கவனித்திருக்கிறார்கள். "யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார்கள் எல்லோரும். யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்ன பிறகு அன்றே ஊஞ்சலைக் கழற்றி வைத்தார்கள், ஒரு வாரத்தில் புதுக் கொக்கி வந்தது.

சமூகக் கண்காணிப்பு என்று கனமான பெயரில் சொல்லப்படும் விஷயம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அந்த 'யாராவது' யார் என்று ஊர் கூடி முடிவுசெய்வது, பார்த்ததை எழுதி வைப்பது, எழுதியதை உரிய ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்த்து, வேலை முடியும்வரை விடாமல் கேட்பது. இவ்வளவுதான் அதன் உள்ளடக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறை போட்டுக்கொண்டு குப்பை பொறுக்குவது நல்ல காரியம், நானும் போயிருக்கிறேன். ஆனால் திங்கட்கிழமை அதே இடத்தில் அதே குப்பை ஏன் வருகிறது என்ற கேள்வி பொறுக்கும்போது எழாது. அதற்குத் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பராமரிப்புக்குக் கை வேண்டும். கண்காணிப்புக்குக் கண்ணும் நினைவும் வேண்டும். பெரும்பாலான குழுக்களிடம் கை நிறைய இருக்கிறது, நினைவுதான் இல்லை.

சென்னையை வைத்தே சொல்கிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்த ஊர் அது. மற்ற ஊர்களில் அலுவலகங்களின் பெயர் மாறும், வழி ஏறக்குறைய இதேதான்.

முதலில், இடம் யாருடையது?

பூங்காவைப் பொறுத்தவரை பதில் ஓரளவு எளிது. சென்னை மாநகராட்சியிடம் எழுநூறுக்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. இடம் மாநகராட்சியுடையது, செடிக்குத் தண்ணீர் விடுவது, கூட்டுவது, கேட்டைத் திறந்து பூட்டுவது எல்லாம் பெரும்பாலும் டெண்டர் எடுத்த ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. சில பூங்காக்களைத் தனியார் நிறுவனமோ குடியிருப்போர் நலச்சங்கமோ தத்தெடுத்துப் பார்த்துக்கொள்கின்றன. மயிலாப்பூர் லஸ்ஸில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா இப்படி ஒரு தனியார் நிறுவனத்தின் பராமரிப்பில் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது.

கடற்கரை அப்படியில்லை. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நின்று சுற்றிப் பாருங்கள். குப்பைத்தொட்டியும் தெருவிளக்கும் மாநகராட்சி. மணல் அரசுப் புறம்போக்கு, அது வருவாய்த் துறை. ஆமை முட்டையிட வந்தால் வனத்துறை. படகு மீன்வளத் துறை. கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது காவல்துறை. எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பதற்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இருக்கிறது. அதைச் செயல்படுத்த மாநில அளவில் தனி ஆணையம் இருக்கிறது. ஒரு பர்லாங் மணலுக்கு ஆறு அலுவலகம். ஒரு விளக்கின் வெளிச்சம் ஆமைக்குஞ்சைச் சாலைப் பக்கம் இழுத்துக் கொல்கிறது என்றால் அது வனத்துறைப் பிரச்சினையா, மின்பிரிவுப் பிரச்சினையா? இப்படி இரண்டு துறைகளுக்கு நடுவில் விழும் விஷயங்களைத்தான் ஊர்க்காரர்கள் முதலில் பார்க்க வேண்டும். ஒரே துறைக்குள் இருப்பதை எப்படியாவது ஒருவர் பார்த்துவிடுவார். நடுவில் விழுவதைப் பார்க்க ஆள் இருக்காது.

எனவே குழுவாகக் கூடியதும் செய்யவேண்டிய முதல் வேலை துடைப்பம் வாங்குவது அல்ல. ஒரு தாளில் இடத்தின் படத்தைக் கையாலேயே வரைந்து, ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அது எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்று எழுதுங்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கேள்விக்குறிகள்தான் உங்கள் முதல் மாத வேலை.

நோட்டுப் புத்தகமும் ஒப்பந்த நகலும்

வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், இரண்டு பேர் சேர்ந்து பூங்காவைச் சுற்றி வாருங்கள். இரண்டு பேர் என்பது முக்கியம், ஒருவர் மட்டும் போனால் நாலாவது வாரம் நின்றுவிடும். பார்த்ததைத் தேதி போட்டு எழுதுங்கள். "பூங்கா மோசமாக இருக்கிறது" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "வடக்கு வாசலுக்கு அடுத்த மூன்றாவது விளக்கு மார்ச் 4 முதல் எரியவில்லை" என்று எழுதினால் அதை வைத்து ஒருவர் வந்து பழுதுபார்க்க முடியும். எந்த விளக்கு, எத்தனை நாளாக என்ற இரண்டும் இருந்தாலே மனு பாதி எழுதி முடிந்த மாதிரி.

புகாரைச் சென்னையில் 1913 என்ற எண்ணில் சொல்லலாம், 'நம்ம சென்னை' செயலியில் படத்துடன் போடலாம். எதில் சொன்னாலும் புகார் எண்ணை அதே நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். வேலை முடிந்ததும் முடிந்த தேதியையும் எழுதுங்கள். நன்றி சொல்லவும் அந்தத் தேதி உதவும். வந்து சரிசெய்த மின்பணியாளருக்குப் பாராட்டு ஒன்றை எழுதிக்கொடுத்தால் அடுத்த முறை அவர் முகம் கொடுத்துப் பேசுவார்.

அடுத்தது ஒப்பந்தம். இது பலருக்குத் தோன்றாத இடம். பூங்காவைப் பராமரிக்க எடுத்த டெண்டரில் என்னென்ன வேலை, எத்தனை ஆள், எவ்வளவு நாளுக்கு ஒரு முறை புல்வெட்டு, வேலை நடக்காவிட்டால் எவ்வளவு பிடித்தம் என்று எழுதியிருக்க வேண்டும். அது பொது ஆவணம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ பதில் அரைகுறையாக இருந்தாலோ மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. மனுவில் 'ஏன்' என்று கேட்காதீர்கள்; ஏன் என்பதற்குக் கோப்பில் பதில் இருக்காது. 'பணி ஆணையின் நகல்', 'கடந்த மூன்று மாத வருகைப் பதிவேட்டின் நகல்', 'வழங்கிய தொகையின் விவரம்' என்று காகிதத்தைக் கேளுங்கள்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நகல் கைக்கு வந்ததும் பலரும் செய்யும் முதல் காரியம், அடுத்த நாள் காலை பூங்காவில் கூட்டிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் போய், "உங்க வேலை எட்டு மணி நேரமாமே" என்று கேட்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒப்பந்தத்தில் நான்கு பேர் என்று இருந்து அங்கே ஒரே ஒரு அம்மா வருகிறார் என்றால், அவர் நான்கு பேர் வேலையை ஒரு சம்பளத்தில் செய்துகொண்டிருக்கிறார் என்று பொருள். கேட்கவேண்டியது அவரையில்லை, மற்ற மூன்று பேரின் கூலி எங்கே போகிறது என்று. அவருக்குக் கையுறை உண்டா, காலணி உண்டா, கழிவறை திறந்திருக்கிறதா என்பதும் உங்கள் நோட்டில் வரவேண்டிய வரிகள். பூங்காவை உண்மையில் பார்த்துக்கொள்பவர் அவர். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த மூலையில் இரவில் பாட்டில் உடைகிறது என்பதெல்லாம் அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

மரத்தடியையும் பாருங்கள். நடைபாதைக்குப் பேவர் பிளாக் போடும்போது மரத்தின் அடிவரை கல்லை ஒட்டிவிடுவார்கள். வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது, அடிமரம் பருக்கவும் இடமிருக்காது. அடுத்த பெரிய புயலில் சாயும். 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்கு கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. வர்தா புயல் 2016 டிசம்பரில் சென்னை மரங்களை என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உதிரும் சருகைக் கொளுத்துவதற்குப் பதில் மூலையில் ஒரு குழியோ கம்பிக்கூடையோ வைத்து உரமாக்கச் சொல்லுங்கள்.

பூங்காவே இல்லையே என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டடமோ மனைப்பிரிவோ வரும்போது 10 விழுக்காடு இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் பணமாகக் கட்டித் தப்பிக்க முடியாது. இடத்தைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்தாக வேண்டும். உங்கள் பகுதியில் இருக்கும் பெரிய அடுக்குமாடி வளாகத்தின் ஓ.எஸ்.ஆர். நிலம் எங்கே என்று தேடுங்கள். சில இடங்களில் அது வளாகத்தின் காவலாளி நிற்கும் கேட்டுக்கு உள்ளே இருக்கும். அது ஊருக்குச் சொந்தமான பூங்கா. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டமும் அரசு அனுமதியில்லாமல் இப்படிப்பட்ட இடத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது.

மணலில் கிடப்பதை வாசிப்பது

கடற்கரைக்கு வருவோம். அங்கே எல்லாமே குப்பை இல்லை. அலை ஒதுக்கிய கடற்பாசி, கிளிஞ்சல், மிதந்து வந்த கட்டை இவையெல்லாம் கடற்கரையின் சொத்து. மணலில் வளை தோண்டும் நண்டுக்கும் பறவைக்கும் அதில்தான் சாப்பாடு. அடும்பு என்று ஒரு கொடி, மான் குளம்புபோல நடுவில் பிளந்த இலை, ஊதாப் பூ; சங்கப் பாடல்களிலிருந்து இன்றைய பெசன்ட் நகர் வரை அதே மணலில் படர்ந்துகொண்டிருக்கிறது. மணலைக் காற்று அள்ளிப்போகாமல் பிடித்து வைப்பது அது. கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று முதலில் பிடுங்கி எறியப்படுவதும் அதுதான். துப்புரவுக்குப் போகும் குழு எதை எடுக்கக்கூடாது என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டுத் தொடங்கினால் பாதிச் சேதம் தவிரும்.

குப்பையை எடுக்கும்போது எண்ணுங்கள், எந்த இடத்தில் கிடைத்தது என்றும் குறியுங்கள். காய்ந்த மணலில் தட்டு, காகிதக் கப், சுண்டல் பொட்டலம் கிடந்தால் அது வருகிறவர்கள் போட்டது. தொட்டி போதவில்லை, அல்லது தொட்டி நடக்கும் வழியில் இல்லை. அலை வந்து நிற்கும் கோட்டில் ஷாம்பு பாக்கெட், மாத்திரை அட்டை, ஒற்றைச் செருப்பு, ஆகாயத்தாமரை கிடந்தால் அது அடையாற்று வழியாக வந்தது. வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரம் திறந்து ஓடும்போது இது குவியும். உள்ளூர்க் கடைக்காரரைத் திட்டி இதற்குத் தீர்வு வராது, ஆற்றின் மேல்பகுதியில் குப்பை அள்ளுவது சரியாக நடந்தால்தான் குறையும். அறுந்த வலைத்துண்டு என்றால் மீனவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். பழைய வலையைப் போட ஓரிடம் இருந்தால் அவர்களே அங்கே போடுவார்கள். ஒரு மூட்டை குப்பையை எடை போட்டுப் படம் பிடிப்பதைவிட, அதைக் கொட்டிப் பிரித்து எண்ணி எழுதிய அரைப்பக்கத் தாள் அலுவலகத்தில் அதிகம் பேசும்.

கடலாமை முட்டைகளைக் காப்பாற்ற இரவில் கரையோரம் நடக்கும் 'ஆமை நடை'யைச் சொல்லாமல் சென்னைக் கடற்கரையைப் பற்றி எழுத முடியாது. சாதாரண மனிதர்கள் ஒரு கரையைப் பல தலைமுறையாகக் கண்காணித்துவருவதற்கு அதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1970களில் சிலர் இரவில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடத் தொடங்கினார்கள். 1988இலிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அதைத் தொடர்கிறது. தை மாதம் தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், நள்ளிரவில் டார்ச் அடிக்காமல் நடக்கிறார்கள். ஆமை ஏறி வந்த தடம் டிராக்டர் சக்கரம் போனதுபோல மணலில் தெரியும். தடம் முடியும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள், மணல் இளகிக் கொடுக்கும் இடம் கூடு. முழங்கைவரை கையை விட்டால் பிங்பாங் பந்து அளவில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள். அவற்றை எண்ணி, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்து, தேதி எழுதிய அட்டையை நட்டுவைப்பார்கள். 45 நாளுக்குப் பிறகு குஞ்சுகள் வரும். குஞ்சு வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல். சாலை விளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் சாலைக்கு ஓடும்.

ஒவ்வோர் இரவும் எத்தனை கூடு, எத்தனை முட்டை, எத்தனை இறந்த ஆமை என்று இவர்கள் எழுதிவைப்பதால்தான், 2025 தொடக்கத்தில் சென்னையிலும் அதை ஒட்டிய கரையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியபோது அது வழக்கத்துக்கு மீறியது என்று உடனே சொல்ல முடிந்தது. பழைய கணக்கு இல்லாவிட்டால் அதுவும் ஒரு நாள் செய்தியாகப் போயிருக்கும்.

யாருடைய கண்?

கடற்கரையில் நடைப்பயிற்சிக்கு வருபவர் அதை ஒரு மணி நேரம் பார்க்கிறார். எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய மீனவர் ஊர்களான ஊரூர் குப்பத்திலும் ஆல்காட் குப்பத்திலும் இருப்பவர்கள் நாள் முழுக்கப் பார்க்கிறார்கள். மணல் எந்த மாதத்தில் ஏறும், எதில் இறங்கும், எந்தப் பக்கம் நீரோட்டம் ஆளை இழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த வலை போடலாம், எந்த வலை கூடாது என்று மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் முடிவெடுத்துவந்த வரலாறு சோழமண்டலக் கரை முழுக்க உண்டு. கண்காணிப்பு என்பதை இந்தக் கரையில் நலச்சங்கங்கள் வந்து கற்றுக்கொடுக்கவில்லை.

ஆனால் 'கடற்கரையைக் காப்போம்' என்று கூடும் குழுக்களில் சில, முதல் கூட்டத்திலேயே படகையும் வலையையும் மீன் கடையையும் ஆக்கிரமிப்புப் பட்டியலில் எழுதிவிடுகின்றன. 2023 ஏப்ரலில் மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பம் லூப் சாலையில் மீன் கடைகளை அகற்றப்போய் எழுந்த போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். சாலை வருவதற்கு முன்பே அந்தக் கரை மீனவர்கள் தொழில் செய்த இடம். 2024இல் அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட கடைகளோடு மீன் அங்காடி திறக்கப்பட்டது. 2018இல் தமிழ்நாட்டுக் கடலோர மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வரைபடங்கள் வந்தபோது, எங்கள் ஊரும் படகு நிறுத்தும் இடமும் இதில் காணோமே என்று கரை நெடுகக் கேட்டவர்கள் மீனவர்கள்தான். வரைபடத்தை வாசித்துப் பிழை சொல்வதும் கண்காணிப்புதான், அதுவும் மிக உயர்ந்த வகை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, அந்த வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளே இருக்க வேண்டும். உங்கள் குழுவிலும் அந்த அளவை வைத்துப் பாருங்கள். சுண்டல் விற்பவரும் குதிரைக்காரரும் குப்பத்து அக்காவும் இல்லாத கடற்கரைக் குழு, கரையின் பாதியைப் பார்க்காது.

பூங்காவிலும் இதே ஆபத்து உண்டு. பந்து விளையாடக் கூடாது, மதியம் பூட்டு, ஜோடியாக உட்காரக் கூடாது என்று பலகை மேல் பலகையாக ஏறும். மதிய வெயிலில் ஒதுங்க இடம் தேடும் டெலிவரி இளைஞருக்கும் கட்டட வேலை செய்யும் பெண்ணுக்கும் அந்த மர நிழல் வேண்டும். பூட்டிய பூங்கா சுத்தமாகத்தான் இருக்கும், யாருக்கும் பயன்படாமல்.

மாறாக ஓர் இடத்தைச் சொல்கிறேன். கோட்டூர்புரத்தில் அடையாற்றை ஒட்டிக் குப்பை கொட்டிக் கிடந்த சுமார் 5 ஏக்கர் பொதுப்பணித் துறை நிலம். 2006இல் 'நிழல்' அமைப்பு அத்துறையோடு சேர்ந்து அங்கே நம் மண்ணுக்குரிய மரங்களை நடத் தொடங்கியது. தன்னார்வலர்கள் ஞாயிறுதோறும் வந்து களை எடுத்து, தண்ணீர் விட்டு, பாதை போட்டார்கள். இன்று அது மரப்பூங்கா. நிலம் அரசிடமே இருக்க, கையும் கண்ணும் ஊருடையதாக இருந்ததால் வந்த காடு அது.

கேட்கும் மேடை

நோட்டில் எழுதியதைப் பேச ஓரிடம் சட்டத்திலேயே இருக்கிறது. 1992இல் நிறைவேறிய அரசமைப்பின் 74ஆவது திருத்தம் மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022இல் வந்தன. ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியில் வாக்காளராக இருக்கும் எல்லோரும் கலந்துகொள்ளும் பகுதி சபை. அதற்கு மேல் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. கிராம சபையின் நகர வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 200 வார்டுகள். உங்கள் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

அங்கே போகும்போது பத்துக் குறையோடு போகாதீர்கள். ஒன்றே ஒன்று, தேதியும் படமும் புகார் எண்ணும் சேர்த்து ஒரு பக்கம். பேசியது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பணம் வேண்டிய வேலை என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது, பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு போடும்.

இன்னொன்று, குழுக்கள் எப்படிச் செத்துப்போகின்றன என்பது. பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொள்வார். அவர் மகளோடு இருக்க வெளியூர் போனதும், கோப்பும் தொலைபேசி எண்களும் அவரோடு போய்விடும். அதனால் நாங்கள் நோட்டை இரண்டு மாதத்துக்கு ஒருவரிடம் என்று சுற்றுக்கு விட்டிருக்கிறோம். ஊஞ்சல் பாட்டி வைத்திருந்தார், பிறகு பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன். இந்த முறை பூங்கா வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணனிடம் இருக்கிறது. காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை அங்கேயே நிற்பவர். முதல் வாரத்திலேயே ஒன்பது வரி எழுதியிருக்கிறார். அதில் நான்கு, நாங்கள் யாருமே இதுவரை கவனிக்காதவை.